மதிய யாகினிகு: எந்தக் கடைக்குப் போவது?

டோக்கியோ

அன்புள்ள சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். நகோயாவுக்கு மாற்றலாகிப் போன பின் நீங்கள் எழுதிய முதல் கடிதம் கிடைத்தது. வீடு மனத்துக்குப் பிடித்தபடி அமைந்ததில் மிகவும் மகிழ்ச்சி. அடுத்த மாதம் அண்ணியாருடன் டோக்கியோ வரும்போது மதியத்தில் யாகினிகு (மேசையிலுள்ள அடுப்பில் நாமே சுட்டுச் சாப்பிடும் இறைச்சி) சாப்பிட எந்தக் கடை நல்லது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மதிய செட் என்றால் சோறு, சூப், கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய், ஒரு தட்டு மாட்டிறைச்சி என்று எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே விலையை மட்டும் பார்ப்பதைவிட, இறைச்சி எத்தனை கிராம், அடுப்பு யார் கையில் என்ற இரண்டையும் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்.

இந்த இரண்டிலும் எனக்கு நிறைவு தருவது யாகினிகு லைக் என்ற தொடர்கடை. 2018-இல் ஷிம்பாஷியில், அலுவலக ஊழியர்கள் நெருக்கியடிக்கும் பகுதியில், முதல் கடையைத் திறந்தார்கள். ஆளுக்கு ஓர் அடுப்பு. செட்டின் எடையை 100, 200 கிராம் என்று பட்டியலிலேயே போட்டுவிடுகிறார்கள். அங்கே கருபி என்ற விலாப்பகுதி இறைச்சியைவிட ஹராமியைச் சொல்லுங்கள். மெல்லிய கருபித் துண்டில் கொழுப்பு அதிகம். அது உருகிச் சொட்டித் தீ குப்பென்று எழும்போது கவனம் சிதறினால் துண்டு கருகிவிடும். ஹராமி என்பது உதரவிதானத் தசை. சாறும் இறைச்சிச் சுவையும் நிறைந்தது. மிதமான தீயில் ஒருமுறை மட்டும் புரட்டிப்போட்டு, சாஸில் தோய்த்துச் சோற்றின் மேல் வைத்துச் சாப்பிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

யாகினிகு லைக்கைத் தொடங்கிய நிஷியாமா தொமோயோஷிதான் 1996-இல் சாங்கென்ஜாயாவில் கியூகாகு என்ற தொடர்கடையின் முதல் கடையையும் தொடங்கியவர். 1991-இல் மாட்டிறைச்சி இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததால்தான் அப்படிப்பட்ட மலிவான தொடர்கடைகள் பெருக முடிந்தது. கியூகாகு பலர் ஓர் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதற்கான இடம். சில கிளைகளில் மதிய உணவு கிடையாது என்பதால் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜோஜோஎன் வேறு தரம். 1976-இல் ரொப்போங்கியில் பிறந்த அந்தக் கடையில் மதிய செட்டின் விலை மற்ற இரண்டைவிடப் பல மடங்கு. ஆனால் அங்கேயே இரவில் சாப்பிட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. பெயர்பெற்ற டிரெஸ்ஸிங் ஊற்றிய சாலட், முடிவில் இனிப்பு என்று பரிமாறுவதில் ஒரு மரியாதை உண்டு. டோக்கியோ ஓபரா சிட்டியின் 53-ஆம் மாடியில் இருக்கும் கிளையில், கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிக்கும் சேர்கிறது. அண்ணியாரை அங்கேதான் அழைத்துப்போக வேண்டும்.

கோட்டில் புகைவாடை ஏறிவிடுமோ என்று தயங்க வேண்டாம். புகையைக் கீழ்வழியாக உறிஞ்சிக்கொள்ளும் அடுப்பை 1980-இல் உருவாக்கியதே உங்கள் நகோயாவின் ஷின்போ நிறுவனம்தான். அது வந்திராவிட்டால் அலுவலக இடைவேளையில் யாகினிகு சாப்பிடும் வழக்கமே இவ்வளவு பரவியிருக்காது.

12 மணிக்குக் கூட்டம் தாங்காது. 11:30-க்கே போய்விடலாம். வரும் தேதியைத் தெரிவியுங்கள். ஓபரா சிட்டியில் ஜன்னலோர மேசைக்கு முன்பதிவு செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்