மோட்டாரை மேலே தூக்கும் முன்: தண்ணீர் குறைவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் கடலூரில் உள்ள எங்கள் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "டேங்க் ரொம்பமாட்டேங்குது, போர் வத்திப்போச்சு போலிருக்கு." நேரில் வந்து பார்த்தால் உண்மையிலேயே போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிப்போன வீடுகள் குறைவு. ஆனால் அந்தப் பயத்திலேயே புது போருக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் கோடை முற்றும் முன் இந்த மடல்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வண்டிப்பாளையத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் குறைவு என்றதும், வேறு எதையும் பார்க்காமல் 120 அடி குழாயோடு, போருக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே தூக்கிவிட்டோம். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. மாடிக்கு ஏறும் குழாயில் இருந்த, தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வின் உள்தகடு கழன்று பாதி வழியை அடைத்திருந்தது. கைப்பிடியைத் திருப்பினால் முழுதும் திறந்த மாதிரியே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தூக்கி இறக்கிய கூலியை அந்த வீட்டில் நாங்கள் வாங்கவில்லை. அன்றிலிருந்து மேலே இருப்பதையெல்லாம் பார்த்து முடிக்காமல் மோட்டாரில் கை வைப்பதில்லை.

நீங்களும் அப்படியே தொடங்கலாம். டேங்க் வழக்கம்போல நிரம்புகிறது, குழாயில்தான் மெதுவாக வருகிறது என்றால் போருக்கும் மோட்டாருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. நம் பக்கம் பல இடங்களில் தண்ணீரில் இரும்பு உண்டு. பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். காற்றுப்பட்டு வைத்தால் பழுப்பாகும். அந்தத் துருவும் மணலும் குழாய் வாயிலுள்ள சல்லடையிலும் ஷவர் தலையிலும் போய் அடைக்கும். கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு இரவு ஊறவைத்தால் போதும். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கிறது. முக்கால் அங்குலக் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாடி அறை ஷவரில் மட்டும் வேகம் இல்லையென்றால் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. டேங்க் ஷவருக்கு மேலே 2 மீட்டர்தான் என்றால் 0.2 கிலோதான் கிடைக்கும். எந்த மோட்டாரை மாற்றினாலும் அந்த அழுத்தம் அதிகமாகாது. டேங்கை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் சின்ன பூஸ்டர் பம்ப் வைக்க வேண்டும்.

சரி, டேங்கே மெதுவாகத்தான் நிரம்புகிறதா? அப்போது ஒரு வாளியும் கடிகாரமும் போதும். மாடியில் தண்ணீர் விழுகிற குழாய் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 30 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர். 1000 லிட்டர் டேங்க் 25 நிமிடத்தில் நிரம்பும். இந்த எண்ணைத் தேதியோடு ஸ்விட்ச் பக்கத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் நன்றாக ஓடுகிற நாளிலேயே எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. "முன்னெல்லாம் சீக்கிரம் நிரம்பும்" என்று சொல்வதை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. 30 வினாடி 50 ஆகியிருக்கிறது என்றால் எங்களுக்கு வழி தெரிகிறது.

அப்புறம், குறைகிற விதத்தைக் கவனியுங்கள். போட்டவுடன் நன்றாக வந்து, பத்து நிமிடத்தில் இளைத்து, காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் போரில் ஊறுவதைவிட மோட்டார் இழுப்பது அதிகம். இந்த இடத்தில்தான் பலர் பெரிய மோட்டார் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரியது இன்னும் சீக்கிரம் வற்றவைக்கும். சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சூடு தணிப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) எரிந்துவிடும். கேட் வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டுங்கள், இருபது நிமிடம் ஓட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் பேனல் ஒன்று போட்டுக்கொள்வது எரிந்த மோட்டாருக்குக் கம்பி மறுபடி சுற்றிக் கட்டும் செலவைவிட மலிவு.

தொடக்கத்திலிருந்தே ஒரே சீராகக் குறைவாக வந்தால் வேறு கதை. வோல்டேஜ் 230-க்கு வெகுவாகக் கீழே போகிறதா, கெப்பாசிட்டர் பலம் இழந்துவிட்டதா என்று முதலில் பார்ப்போம். மோட்டார் ஓடும்போது போர் மூடிக்கருகே காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் வந்தால் போருக்குள் இறங்கும் குழாயில் ஓட்டை. ஸ்விட்ச் போட்டு வெகுநேரம் கழித்தே தண்ணீர் ஏறுகிறது என்றால் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு பிடிக்காமல் தண்ணீர் திரும்பக் கீழே இறங்கியிருக்கலாம். த்ரீ பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: தெருவில் லைன் வேலை நடந்த மறுநாளே தண்ணீர் குறைந்தால் பேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். பேனலை ஈரக்கையோடு நீங்கள் திறக்காதீர்கள்.

தேவனாம்பட்டினம் போலக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மணல்தான் பெரிய பகை. ஒரு வாளித் தண்ணீரை இரவு முழுக்க அசையாமல் வைத்துக் காலையில் அடியைப் பாருங்கள். மணல் படிந்தால் அது மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சுழல் தட்டை (இம்பெல்லரை) தேய்த்துக்கொண்டிருக்கிறது. போரைக் கழுவி மணலை வெளியேற்றும் ஃப்ளஷிங் செய்து பார்க்கலாம். போருக்குள் மணலைத் தடுக்கும் ஃபில்டர் குழாய் கிழிந்திருந்தால் அது பயன்படாது. இன்னும் ஆழமாகப் போட்டால் தீரும் என்று அவசரப்படாதீர்கள். கடலோர மணலில் மேலே நல்ல தண்ணீரும் அதற்குக் கீழே உப்புத் தண்ணீரும் இருப்பது உண்டு. கேப்பர் மலைப் பக்கம் நிலமே வேறு, புவியியலார் கடலூர் மணற்பாறை என்று பெயர் வைத்திருக்கும் வகை. அங்கே சரியாக வந்த ஆழம் கடற்கரையில் சரிவராது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி வந்தபோது வெள்ளத்தில் மூழ்கிய போர் வாய்கள் பலவற்றை நாங்கள் பார்த்தோம். போரின் மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் தரைமட்டத்திலேயே இருந்த வீடுகளில் சேறு உள்ளே இறங்கிவிட்டது. உங்கள் கேசிங் இரண்டு அடியாவது மேலே நிற்கிறதா, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன் பார்த்துவிடுங்கள். திறந்த கிணறு வைத்திருப்பவர்கள் உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வைச் சுத்தம் செய்ய யாரையும் தனியாக உள்ளே இறக்காதீர்கள். அடியில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம். குழாயோடு மேலே தூக்கிச் சுத்தம் செய்யலாம், நாங்கள் வருகிறோம்.

போன் செய்யும்போது வாளி நிறைந்த நேரம், எந்த நாளிலிருந்து குறைந்தது, தொடக்கத்திலிருந்தே குறைவா இல்லை போகப்போகக் குறைகிறதா, இந்த மூன்றையும் சொல்லுங்கள். போர் போட்டபோது எழுதிய ஆழக் கணக்குச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மோட்டார் பழுதுபார்க்கும் கடையினர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்