முதலில் நாற்காலி, அப்புறம் நூல்பெட்டி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகள் வேலைக்குப் போன பிறகு அவள் அறை சும்மா கிடக்கிறது, ஜன்னலோரமாகக் கொஞ்சம் இடத்தைக் கைத்தையலுக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய், படித்ததும் அவ்வளவு சந்தோஷம். தையல் வகுப்பில் போட்ட தையலையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தவள் நீ, இத்தனை வருஷம் ஊசியைத் தொடாமல் எப்படித்தான் இருந்தாயோ! இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, எனக்குக் கண்ணாடிப் பவர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் ஒரு மேசை விரிப்பு கையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீ வாங்கப் போவதாக எழுதிய பட்டியலைப் பார்த்தேன். தடுப்பு வைத்த நூல்பெட்டி, சுவரில் மாட்டத் துளைப் பலகை, சக்கரம் வைத்த அடுக்கு, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். எல்லாம் பார்க்க அழகுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் நாற்காலியும் இல்லை, விளக்கும் இல்லையே! முதலில் அந்த இரண்டுக்கும் பணத்தை ஒதுக்கு, மிச்சம் இருந்தால் ஜாடி வாங்கிக்கொள். நூல் பழைய டப்பாவில் கிடந்தாலும் கெட்டுப் போகாது, உன் கழுத்து அப்படியில்லை.

சோபா வேண்டவே வேண்டாம். உட்கார்ந்ததும் சுகமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் முதுகு வளைந்து தலை மடியை நோக்கி இறங்கிவிடும். முதுகுக்கு நேராகச் சாய்மானம் உள்ள சாதாரண நாற்காலி போதும், பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், எட்டவில்லை என்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள். கைப்பிடி இருந்தால் தாழ்வாக இருக்கட்டும், உயரமான கைப்பிடி தோளைத் தூக்கிவிடும், அப்புறம் ராத்திரி படுத்தால்தான் வலி தெரியும். மடியில் ஒரு கெட்டியான தலையணையை வைத்து அதன்மேல் பிரேமை, அதுதான் துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தை, வைத்துப் பார், துணி தானாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும், நீ குனிய வேண்டியதில்லை. இதற்கென்றே பிரேமைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டும் கிடைக்கிறது, இரண்டு கையும் விடுபடும் என்பதால் பெரிய வேலைக்கு நல்லது, ஆனால் ஆரம்பத்திலேயே அதற்கு ஓடாதே.

வெளிச்சம்தான் உனக்கு நான் விரிவாகச் சொல்ல வேண்டியது. வலது கையால் தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் ஊசி நுழைகிற இடத்திலேயே உன் கை நிழல் விழும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் உன் நிழலே துணியை மூடும், நேர் எதிரே இருந்தால் கண் கூசும், அதனால் பக்கவாட்டில் இருக்கும்படி நாற்காலியைப் போடு. ராத்திரிக்கு மஞ்சள் பல்பு உதவாது. கருநீல நூலையும் கறுப்பு நூலையும் அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், எது எது என்று உனக்கே தெரியாது, காலையில் பார்த்தால் ஒரே இலையில் இரண்டு பச்சை ஓடியிருக்கும். எல்இடி பல்பு அட்டையில் 5000 முதல் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரும். சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு அதுதான் கணக்கு, 90-க்கு மேல் இருப்பதாக வாங்கு. மேசை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு அறையை இருட்டாக வைக்காதே, கண் சீக்கிரம் களைத்துவிடும். விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடி வாங்கினால் பகலில் அதற்கு ஓர் உறை போட்டு மூடிவிடு, வெயில் அதன் வழியாகக் குவிந்து துணியில் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு, விளையாட்டில்லை.

இதையெல்லாம் விட நான் முக்கியமாக நினைப்பது, வேலையைப் பாதியில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து போக முடிகிற இடமா அது என்பது. சாப்பாட்டு மேசையில் தைத்தால் ஒவ்வொரு வேளையும் எடுத்து மடித்து வைக்க வேண்டும், திரும்ப விரிக்கச் சோம்பல் வரும், அப்படியே வாரக்கணக்கில் நின்றுபோகும். ஒரு முக்காலி அளவு இடமானாலும் அது உன் வேலைக்கு மட்டும் என்று இருந்தால், கால் மணி நேரம் கிடைத்தால்கூடப் போய் உட்கார்ந்து நாலு தையல் போட்டுவிட்டு வருவாய். மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்திவிட்டால் தூசியும் வெயிலும் படாது. ஆனால் எழுந்திருக்கும்போது பிரேமைக் கழற்றிவிடு, நாள்கணக்கில் அப்படியே விட்டால் வளையத்தின் தடம் துணியில் பதிந்து இஸ்திரிக்கும் போகாமல் அடம்பிடிக்கும். ஊசியையும் பூவின் நடுவில் குத்தி விடாதே, துருக்கறை பிடிக்கும், ஓரத்தில் வெட்டிப் போகப் போகிற துணியில் குத்தி வை.

ஊசி விஷயத்தில் மட்டும் கறாராக இரு. எத்தனை எடுத்தாயோ அத்தனையையும் எண்ணி உள்ளே வை, அந்த வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காந்தத் துண்டு பக்கத்தில் இருந்தால் கீழே விழுந்ததைத் தடவி எடுக்கச் சுலபம். கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும், மெஷின் ஊசியில் இதற்கு நேர்மாறு, கடையில் குழம்பாதே. 14 கட்ட ஐடா துணியில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் வைத்து நெய்த துணியில், கிராஸ் ஸ்டிச் என்கிற பெருக்கல் குறித் தையல் ஆரம்பிக்கப் போகிறேன் என்றாய் அல்லவா, அதற்கு முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசியும் இரண்டு இழை நூலும் சரியாக இருக்கும்.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎம்சி கம்பெனியின் பூத்தையல் நூற்கண்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை. வேண்டியதை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அப்புறம் சேர்த்துக் கோர், எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்தால் சிக்கு விழும். ஒரு தடவைக்கு 45 சென்டிமீட்டர் போதும், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை என்று வைத்துக்கொள், அடிக்கடி கோர்க்கச் சோம்பேறித்தனப்பட்டு நீளமாக வெட்டினால் பாதியிலேயே நூல் பிசிறும். அட்டையில் சுற்றும்போது நிற எண்ணை அட்டையிலேயே எழுதிவிடு, காகிதப் பட்டையைத் தொலைத்துவிட்டு அதே சிவப்பைத் தேடி அலைவது பெரிய தண்டனை.

கத்தரிக்கோலுக்கு ஒரு ரிப்பன் கட்டி உன் நாற்காலியிலேயே மாட்டு, வெளியே கண்டால் வீட்டில் இருக்கிற எல்லாரும் கூரியர் கவரை அதால்தான் பிரிப்பார்கள், காகிதம் வெட்டிய கத்தரி நூலை மென்றுதான் போடும்.

இன்னொன்று, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார் என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவும் தானாக நடக்கும், கீழே தெருவில் யார் போகிறார்கள் என்று பார்க்க உனக்குச் சொல்லியா தர வேண்டும்!

ஜன்னல் எந்தப் பக்கம், பிளக் பாயிண்ட் எங்கே, கட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கையாலேயே ஒரு படம் வரைந்து அனுப்பு. விளக்கு ஒயர் நடக்கிற வழியில் குறுக்கே வராமல் நாற்காலியை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். நீ கேட்ட கொடி டிசைனைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த கடிதத்தோடு வரும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி