எண்ணெய் தீராத லாந்தர்

மதிப்பிற்குரிய ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். 2010இல் தாங்கள் வெளியிட்ட ‘அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்’ திகில் கணினி விளையாட்டை நான் ஆடியது, எங்கள் பக்கம் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றுபோன 2012ஆம் ஆண்டில். இன்வர்ட்டர் எப்போது கூவுமோ என்று ஒரு காதும், விளையாட்டில் வரும் ப்ரென்னென்பர்க் கோட்டைக்குள் எந்தக் கதவு கிறீச்சிடுமோ என்று மறுகாதுமாக உட்கார்ந்திருந்த எனக்கு, லாந்தரில் மிஞ்சிய எண்ணெயைக் கணக்குப் பார்த்துச் செலவிடுவது புதிதாகப் படவில்லை. ரேஷன் மண்ணெண்ணெயை அம்மா அப்படித்தான் அளந்து ஊற்றுவார்.

அந்தக் கணக்கில்தான் பயமே இருந்தது. விளக்கை ஏற்றினால் எண்ணெய் குறையும், துரத்துவதன் கண்ணிலும் படுவோம். அணைத்தாலோ இருட்டில் கதாநாயகன் டேனியலின் புத்தி பேதலிக்கும். நீர் தேங்கிய நிலவறையில், உருவமே தெரியாத ஒன்று சளப் சளப்பென்று தண்ணீரை மிதித்து நெருங்க, மரப்பெட்டிமேல் ஏறி நின்று பிணத்துண்டை வீசி அதைத் திசைதிருப்பியது, இன்றும் எங்கள் கோட்டை அகழியைக் கடக்கையில் நினைவுக்கு வருகிறது. பக்கத்திலிருந்த மாமா மகன், “விளக்க அணைச்சிடுண்ணா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

2013இல் வந்த ‘எ மெஷின் ஃபார் பிக்ஸ்’ பாகத்தை உருவாக்கியது தி சைனீஸ் ரூம் என்ற வேறொரு நிறுவனம் என்பதை அறிவேன். எனினும் தங்கள் பெயரில் வந்ததால் தங்களுக்கே எழுதுகிறேன். 1899ஆம் ஆண்டு முடியும் இரவில், லண்டனில் தன் பிள்ளைகளைத் தேடி ஒரு இறைச்சி ஆலைக்கு அடியில் இறங்கும் மாண்டஸின் கதையும், அதன் மொழியும், ஜெசிக்கா கர்ரியின் இசையும் முதல் பாகத்தைவிட ஒரு படி மேல் என்பதே என் எண்ணம். இதைச் சொல்லாவிட்டால் நான் நியாயமற்றவனாவேன். ஆனால் அவன் கையில் இருப்பது தீராத மின்விளக்கு. புத்தி பேதலிப்பதும் இல்லை, சேர்த்துவைக்கப் பையும் இல்லை. அறைகளில் கிடக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தொடக்கூட முடியாது. போதாக்குறைக்கு, பன்றி மனிதர்கள் அருகில் வந்தால் அந்த விளக்கே மினுக்கி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சொல்லிவிட்டு வரும் பேய்க்கு யார் பயப்படுவார்கள்? என் மாமா மகன் கதை கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

2023இல் இதே தொடரில் வந்த ‘தி பங்க்கர்’ விளையாட்டில், ஜெனரேட்டருக்கு ஊற்றும் எரிபொருளையும், முடுக்கும் சத்தத்தாலேயே மிருகத்தை வரவழைக்கும் கைவிளக்கையும் வைத்தீர்கள்; ஆகவே எது தொலைந்தது என்பதைத் தாங்கள் உணராமல் இல்லை. இனி இத்தொடரை வேறொரு குழுவிடம் ஒப்படைப்பதாக இருந்தால், கதையை அவர்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளட்டும்; எண்ணெயை மட்டும் எங்களையே அளக்க விடுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒருவன்