புரொப்பெல்லர் மீது மட்டும் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரத்மலானையில் சிறு விமான எஞ்சின்களோடு பல வருடம் கை கறுக்க வேலை செய்தவன் நான். போன கிழமை, விமானப் பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அங்கிள், எஞ்சின் அதிருது, புரொப்பெல்லரை பலன்ஸ் பண்ண அனுப்பச் சொல்லுறாங்க" என்றான். விமானத்தை இழுக்கும் விசிறியான அந்த புரொப்பெல்லர் மீது மட்டும் பழி போடுவதை எனக்கு மனம் பொறுக்கவில்லை.

முதலில், எஞ்சின் ஓடும்போது, பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மக்னீட்டோக்களை சுவிட்சில் ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அதிர்வு கூடினால் பிளக்கையோ வயரையோ சந்தேகியுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் எண்ணெயில் ஊறித் தொங்கினாலும் அதிரும். அப்புறம் பிலேட், அதாவது புரொப்பெல்லரின் இறக்கை. மக்னீட்டோக்களை நிறுத்தி, சிலிண்டருக்கு ஒரு பிளக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிலேட் நுனி உரசுமளவுக்கு ஒரு பலகையை நிறுத்தி, கையால் மெல்லச் சுற்றுங்கள். 6 அடி விட்டத்துக்கு உட்பட்ட உலோக புரொப்பெல்லரில் இரு நுனிகளும் சுற்றும் தடங்களுக்கிடையே 1/16 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

மர புரொப்பெல்லர் என்றால் நம் கடற்காற்றின் ஈரத்தில் மரம் ஊதும், காய்ந்தால் சுருங்கும். போல்ட் இறுக்கமும் மாறிவிடும். விமானத்தை நிறுத்தும்போது புரொப்பெல்லரைச் செங்குத்தாக விட்டால் கீழ்ப் பிலேடில் ஈரம் இறங்கும். கிடையாகவே நிறுத்துங்கள்.

இவற்றைத் தமிழில் சொல்லித்தர உங்கள் பத்திரிகையில் வாரம் அரைப் பக்கம் தாருங்கள். எழுதித்தர நான் தயார்.

ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்,
வெள்ளவத்தை, கொழும்பு 6