ராத்சேயிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். குளிர் பழகிவிட்டது, மழைதான் இன்னும் பழகவில்லை. ‘ஸ்காட்லாந்தில் அந்தத் தீவில் அப்படி என்னதான் இருக்கிறது?’ என்று போனில் கேட்டாயே, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிளாஸ்கோவில் ரயில் ஏறினால் வீம்ஸ் பே வரும். 1903-இல் கட்டிய ஸ்டேஷன், தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடிக் கூரை. அங்கிருந்து கப்பல் துறைக்குப் படிக்கட்டே கிடையாது, வளைந்து இறங்கும் சரிவான நடைபாதைதான். நீ முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்கலாம். அப்புறம் 35 நிமிடம் கப்பல், எங்கள் பியூட் தீவின் ஊரான ராத்சே வந்துவிடும்.

அந்தக் காலத்தில் கிளாஸ்கோவின் ஆலைத் தொழிலாளர்கள் ஜூலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நீராவிக் கப்பலில் இங்கே வந்து குவிவார்களாம். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் சின்ன வயதில் அப்படி வந்தவர்தான், அதைச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். வருகிறவர்களுக்காகவே ஊர் என்னென்னவோ செய்திருக்கிறது. 1877-இல் மீன் காட்சியகம், 1882-இல் குதிரை இழுக்கும் டிராம். இரண்டும் இப்போது இல்லை.

ஆனால் உன்னிடம் சொல்ல வந்தது வேறு. கப்பல் துறையில் ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறது. சிரிக்காதே. 1899-இல் துறைமுக நிர்வாகம் கட்டியது, சாமான்கள் எல்லாம் கழிப்பறைப் பீங்கான் செய்யும் ட்வைஃபோர்ட்ஸ் கம்பெனியுடையவை. ஆள் இல்லாத நேரம் பார்த்து, அங்கே வேலை செய்பவர் என்னை உள்ளே விட்டார். சுவரோரம் 14, நடுவில் 6 என்று ஆண்கள் நின்று போகும் வெள்ளைப் பீங்கான் மாடங்கள். மேலே கண்ணாடித் தொட்டி, தண்ணீர் நிற்பது அப்படியே தெரிகிறது. அதிலிருந்து இறங்கும் செம்புக் குழாய், நீ புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. தரையில் சின்னச் சின்னக் கல் பதித்து ஊரின் சின்னத்தையே வரைந்திருக்கிறார்கள். ஒரு நாள் வந்து போகிற கூலிக்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று மனசு நிறைந்துபோயிற்று.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. கட்டியது ஆண்களுக்கு மட்டும். 1994-இல் பழுது பார்த்துப் புதுப்பித்தபோதுதான் பெண்களுக்கும் இடம் வந்ததாம். அதே கப்பலில் கைக்குழந்தையோடு வந்த பெண்கள் எங்கே போயிருப்பார்கள்? எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து மெட்ராஸுக்கு பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாய். வழியில் பஸ் நிற்கும்போது அப்பா இறங்கிப் போய் வருவார், நீ ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பாய். ஏன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது இப்போது உறுத்துகிறது அம்மா.

விசா வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அண்ணனிடம் சொல். ஜூலையில் வந்தால் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஸ்வெட்டர் வாங்க வேண்டாம், இங்கே வாங்கிக்கொள்ளலாம். இட்லிப் பொடி மட்டும் கொண்டு வா. கிளாஸ்கோவில் ரயில் ஏறும் முன்னால் உனக்கு ஒரு பெரிய காபி வாங்கித் தருகிறேன், பயப்படாமல் முழுசாகக் குடி.

உன் அன்பு மகள்