வகுப்பு பற்றிக் கேட்டிருந்தாய்

தேவகோட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள ஆத்தா மலருக்கு,

நீ அந்த மூன்று பிரசவப் பயிற்சி வகுப்புகளின் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதில் சேரலாம் என்று கேட்டு இன்றோடு 22 நாள் ஆகிறது. அன்றைக்கு நான் போனில் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பிள்ளை பெத்துக்கிறதுக்கு ஒரு கிளாஸா? 31 வருஷம் லேபர் வார்டுல நின்னவ வீட்லயே இருக்கேன்ல?" என்றேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் மாப்பிள்ளை பேசுகிறார், சம்பந்தியம்மா பேசுகிறார். உன்னைக் கேட்டால் தூங்குகிறாள், மீட்டிங்கில் இருக்கிறாள். வேலை இருக்கும், தெரிகிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீ காபியோடு போடாதே. கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதே, ஒன்று காலையில் என்றால் இன்னொன்று இரவில். கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதிந்தால் கொடுக்கிற பிக்மி எண் வாங்கியாகிவிட்டதா? தனியார் ஆஸ்பத்திரிதானே என்று இருந்துவிடாதே, அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.

போனில் பேசினால் மறுபடியும் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

வகுப்பு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. லமாஸ் என்றால் ஏதோ பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஃபெர்னாண்ட் லமாஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போனபோது, கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்துப் பிரசவம் பார்ப்பதை நேரில் கண்டு, அதைப் பாரிஸுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வலி எப்படி வரும், வரும்போது எப்படி மூச்சு விடுவது, கூட இருப்பவர் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பதுதான் விஷயமே. இத்தனை வருஷ சர்வீஸில் நான் ஒருத்திக்கும் உட்கார்ந்து அதைச் சொன்னதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போனில் பார்க்கிற அந்த வீடியோ வகுப்பை விட்டுவிடு. திருப்பிக் கேள்வி கேட்க முடியாத வகுப்பு உனக்கு ஒத்துவராது. நீ சின்னதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்கிறவள். அதில் எனக்கு எப்போதும் பெருமைதான், வெளியே சொன்னதில்லை.

மிச்சம் இரண்டு. ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக இரண்டு சனிக்கிழமை நடத்துவது ஒன்று. எட்டு வகுப்புக்கு 14,000 ரூபாய் வாங்குகிற அந்தத் தனி டீச்சர் இன்னொன்று. ஆஸ்பத்திரி வகுப்பில் எந்த வாசலில் வர வேண்டும், என்ன பை கொண்டுவர வேண்டும், ரூமுக்கு எவ்வளவு என்பதெல்லாம் சொல்வார்கள். அது வேண்டியதுதான், போய்க் கேட்டுக்கொள். ஆனால் அங்கே யாராவது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கும் ஸ்டெம் செல் கம்பெனி ஆள் வந்து ஃபாரம் நீட்டினால் கையெழுத்துப் போடாதே. அப்படிப் பணம் கட்டித் தனியாரிடம் சேமித்துவைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரே பரிந்துரைக்கவில்லை. பால் பவுடர் டப்பாவை சாம்பிளாகக் கொடுத்தார்கள் என்றால் எழுந்து வந்துவிடு. 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது எப்படி என்று பொம்மையை மடியில் வைத்துக் காட்டுகிறவர்களா, அதைப் பார்.

தனி டீச்சரிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று கேள். அவர் எத்தனை பிரசவத்தில் கூட நின்றிருக்கிறார்? சான்றிதழ் சுவரில் தொங்கலாம். பனிக்குடம் உடைந்து பச்சையாகத் தண்ணீர் வருவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறாரா என்று தெரிய வேண்டும். அடுத்து, சிசேரியன் பற்றி ஒரு முழு வகுப்பு உண்டா? "எங்களிடம் வந்தால் கண்டிப்பாக நார்மல்" என்று ஆசை காட்டுகிறவரிடம் போகாதே. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்புப்படி 100 பிரசவத்தில் 45 சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 64. இதைப் பற்றிப் பேசாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால், நாளைக்குத் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது நீ ஏதோ தோற்றுப்போன மாதிரி அழுவாய். அப்படி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி தெரியாமல் இருக்க முதுகில் மருந்து ஏற்றுகிற எபிடியூரல் பற்றியும் நல்லது கெட்டது இரண்டும் சொல்ல வேண்டும். வலி தாங்குவதற்கு யாரும் மெடல் தரப்போவதில்லை.

குழந்தையின் அசைவு குறைந்தால் என்ன செய்வது, தலைவலியோடு கண் மங்கலானால் என்ன அர்த்தம், எது சூட்டு வலி எது நிஜ வலி, இதெல்லாம் பாடத்தில் இருக்கிறதா பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் நிற்கிற மாதிரி வலி ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். ரத்தமோ தண்ணீரோ பட்டால் அதற்கும் காத்திராதே. 28 வாரத்தில் சேர்ந்தால் 36-க்குள் முடிந்துவிடும். உனக்கு இப்போது 25 நடக்கிறது. வளைகாப்புக்கு நாள் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும், இதை முதலில் முடிவு செய்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. வகுப்பு சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று பார்ப்பதே அவருக்கு லீவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்காமல், உன் இடுப்பில் எந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும் என்று அவர் கையால் செய்து பழக வேண்டும். இன்னொன்று, இது எல்லாவற்றுக்கும் முந்தி. நீ பார்க்கிற டாக்டரிடம் கேள்: லேபர் ரூமுக்குள் வீட்டு ஆளைக் கடைசிவரை கூட இருக்க விடுவார்களா? எழுந்து நடக்க விடுவார்களா? வகுப்பில் நடக்கவும் குந்தி உட்காரவும் பழகிவிட்டு, அங்கே போனதும் மல்லாக்கப் படுக்கப் போட்டுக் கையில் டிரிப் மாட்டிவிட்டால் எட்டு வகுப்பும் வீண். பதில் சரியில்லை என்றால் வகுப்பை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, ஆஸ்பத்திரியை மாற்று. இன்னும் நேரம் இருக்கிறது.

மாற்றுவது என்று சொல்லும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஊரெல்லாம் இருக்க, "நான் சென்னையிலேயே பாத்துக்கிறேம்மா" என்று நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். கொல்லைப் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டு, உன் அப்பா வெந்நீருக்கு கீசர்கூட மாட்டிவிட்டார். சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், "நர்ஸம்மா வீட்டுப் பொண்ணே வரலையா?" என்று. சம்பந்தியம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அவர்மேல் கோபப்பட்டேன். மாப்பிள்ளைமேல்கூட வருத்தம்.

போன வாரம் டிரங்குப் பெட்டியைத் துழாவினேன், பிள்ளைக்குப் பழைய புடவைத் துணி எடுக்கலாம் என்று. உன் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. அட்டையில் டெட்டால் கறை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

அப்பா கும்பகோணத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த வருஷம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வார்டுக்கு வந்துவிடுவாய். டியூட்டி ரூமில் மருந்து டிராலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு எழுதுவாய். அன்றைக்கு மூன்று டேபிளிலும் ஆள், வராந்தாவில் இன்னும் இரண்டு பேர், நானும் ஒரு ஆயாவும் மட்டும். பத்தொன்பது வயசுப் பெண், தலைப்பிரசவம். தொடையை இறுக்கிக்கொண்டு, "அம்மாவை வரச் சொல்லுங்க சிஸ்டர், அம்மாவை வரச் சொல்லுங்க" என்று ஒரே அழுகை. அவள் அம்மா பத்தடி தள்ளித்தான், கதவுக்கு அந்தப் பக்கம், ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே விடவில்லை. அப்போதெல்லாம் கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று கணக்கு. சார்ட்டில் கோடு தாண்டினால் டாக்டர் என்னைத்தான் கேட்பார். அந்தப் பெண்ணைத் தொடையில் அறைந்தேன். ஒரு தடவையோடு நிற்கவில்லை. நாலு விரலும் சிவப்பாகப் பதிந்து இருந்தது. அப்புறம் எல்லா லேபர் வார்டிலும் சொல்கிற அந்த வார்த்தையையும் சொன்னேன். அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன், திரைக்குப் பக்கத்தில் நீ நோட்டோடு நிற்கிறாய்.

மூன்று கிலோவில் ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் அந்தப் பெண்ணே எனக்குக் கற்கண்டு கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். ரிஜிஸ்டரில் அவள் பெயரை எழுதியது நான்தான், இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

டி.வி.எஸ். 50-இல் வீட்டுக்குப் போகும்போது "அந்த அக்கா ஏம்மா அழுதுச்சு?" என்று கேட்டாய். "பொறுமை இல்லாதவ" என்றேன். எப்போதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வருகிறவள், அன்று சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அது அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. கேட்காமல் விட்டுவிட்டேன்.

ரிட்டயர் ஆவதற்கு முன்னால், லேபர் ரூம்களின் தரத்தை உயர்த்துகிற மத்திய அரசின் லக்ஷ்யா திட்டத்துக்காகப் பயிற்சி கொடுத்தார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கையே கைவிடச் சொல்லிவிட்டது, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல்தான் வேகமே பிடிக்கும் என்றார்கள். கூடவே வேண்டப்பட்டவர் ஒருவர் விடாமல் இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்றார்கள். பயந்தால் அட்ரினலின் ஏறும், பிரசவ வலியை வரவைக்கிற ஆக்ஸிடோசின் குறையும், வலி மந்தமாகும். நாங்களே மிரட்டிப் பயமுறுத்துவோம், வலி நின்றுபோனதும் நாங்களே ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர்கள் எல்லோரும் குறிப்பு எழுதினார்கள். எனக்கு அந்த ஃபிளாஸ்க்தான் கண்ணுக்குள் நின்றது. ஆள் பற்றாக்குறை, நைட் டியூட்டி, எல்லாம் உண்மைதான். அந்த அம்மாவை உள்ளே விட்டிருந்தால் எனக்குமே ஒரு கை உதவி கிடைத்திருக்கும்.

உனக்கு என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. சென்னை வேண்டும் என்று நீ சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டாம். தனி டீச்சரிடமே சேர்ந்துகொள். உன்னோடு இன்னும் நாலைந்து ஜோடிதான் இருப்பார்கள், நிறையக் கேட்கலாம். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது, அதைத் தினம் பத்து நிமிஷம் பழகு. மாப்பிள்ளையைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போ, இரண்டாவது தடவை எழுதுகிறேன்.

14,000 ரூபாய் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அது என் பென்ஷன் பணம், திருப்பி அனுப்பாதே. அப்பாவுக்கு சர்க்கரை பரவாயில்லை. நாள் நெருங்கும்போது பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் எழும்பூர் வந்துவிடுவேன். உள்ளே மாப்பிள்ளை இருக்கட்டும். நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே கூப்பிட்டால் வருகிறேன். வரவே வேண்டாம் என்றாலும் சொல், கோபப்பட மாட்டேன். பணம் வந்ததா என்று மட்டும் ஒரு வரி போடு.

அன்புடன்,
அம்மா