கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு மடல்

புதுச்சேரியின் சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டுப் பக்கம் கிணறு வெட்டும் அண்ணன்மார்களுக்கும், மனை போட மண் அள்ளும் ஜேசிபி ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

போன கோடையில் பக்கத்துக் கொல்லையில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், சுருள் சுருளாக ஒரு கல் மேலே வந்தது. நான் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் சம்மட்டி இறங்கிவிட்டது. துண்டுகள் வண்டிப்பாதைப் பள்ளத்துக்குப் போயின. உடைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடம் இங்கே அறிவியல் பாடம் நடத்தியவன் நான். நானே அவரிடம் சொல்லி வைக்கவில்லை.

அந்தக் கல்லின் பெயர் அம்மோனைட். கணவாய் மீனுக்கு உறவு, ஆனால் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்து, பின்பு கல்லாகிப்போன கடலுயிரி. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் இந்த இனம்தான். கே, கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் திரட்டியவற்றை இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். புதுச்சேரிக் கற்களுக்கு அவர் வைத்த பெயர்களில் இந்திரனும் பிரம்மாவும் விஷ்ணுவும் சூரியனும் உண்டு. வெள்ளைக்காரர் நம் சாமிகளின் பெயரைச் சூட்டிய கல்லை நாம் பள்ளம் நிரப்பப் போட்டிருக்கிறோம்!

பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "ஐயா, இங்கே டைனோசர் கிடைக்குமா?" டைனோசர்களின் கடைசிக் காலத்தில் நம் ஊர் கடலுக்கடியில் கிடந்தது. தரையில் திரிந்தவற்றின் எலும்பைத் தேட அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டுக்குப் போக வேண்டும். அங்கே கிடைத்த ஒரு பெரும் விலங்குக்கு 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கி மண்ணாகிவிட்டன. வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு பெரியது என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

நம்மிடம் இருப்பது வேறு வகைச் செல்வம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் அழிந்தன. அந்த அழிவுக்கு முந்திய கடல் படிவும் பிந்திய கடல் படிவும் இந்தச் சிறு வட்டாரத்திலேயே கிடைக்கின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கம் போல இங்கே பாறை வெளியே தெரிவதில்லை. செம்மண்ணும் சவுக்கும் மூடிக் கிடக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாக நம்பியிருப்பது நீங்கள் வெட்டும் கிணறுகளைத்தான். இதை உங்களிடம் யாராவது சொன்னார்களா?

ஆகவே ஒரு வேண்டுகோள். சுருண்ட கல், வரி போட்ட சிப்பி, எலும்பு போன்ற எதுவானாலும் எத்தனை அடியில் வந்தது என்று குறித்து வையுங்கள். ஆழம் தெரியாத கல் அலமாரி அழகுக்குத்தான் ஆகும். கழுவ வேண்டாம், மண்ணோடு சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள். காசு கொடுத்து வாங்கிப் போக வருகிறவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை இருக்கிறது. சேர்க்க வேண்டிய வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்திரையில் ஏரிக்கரை ஓரம் அடுத்த கிணறு என்று கேள்விப்பட்டேன். அடி குறித்த கயிறும் சாக்கும் நான் கொண்டுவருகிறேன். மோரும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
சேதராப்பட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்